களம் ஆறும் வரை

புதுவயல் அரிசி ஆலையில் எடைமேடை என் வேலை.
லாரி ஏறும், எண் ஓடும், நிற்கும்.
பத்துப் பத்துக் கிலோவாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
பதினோரு மாதம் தேய்த்த கண்ணாடியை
வண்டி வராத ஒரு மதியம்
நடு மேடையில் கொண்டுபோய் வைத்தேன்.
பூஜ்யம் என்றது.

பன்னிரண்டு அங்குல வட்டம்.
நடுவில் நாலு மில்லிமீட்டர் குழி.
ஒரு டம்ளர் காபி கொள்ளும், அவ்வளவுதான்.
அந்தக் காபி அளவு கண்ணாடியைத்தான்
டீசல் பீப்பாய் மேல் பலகை போட்டு
கார்போரண்டம் பொடியும் தண்ணீரும் இட்டு
பீப்பாயைச் சுற்றிச் சுற்றி நடந்து
சேறாக்கி வழித்துப் போட்டேன்.
எத்தனை சுற்று என்று முதல் வாரம் மட்டும் எண்ணினேன்.
தேய்ப்பதற்கு ஆத்தங்குடிக் கல்லை எடுத்தது தப்பு:
பூவெல்லாம் இரண்டே நாளில் கரைந்துபோயிற்று.
அப்புறம் பாத்ரூம் டைல்ஸ்.

கடைசி மெருகின்போது
பிளேடு முனையை ஒளியில் நுழைத்துப் பார்த்தால்
கண்ணாடியில் ஒரு மேடு நிழலாய் எழும்.
மேடு என்றால், மயிரிழையில் ஆயிரத்தில் ஒன்று.
உள்ளங்கைச் சூட்டுக்கே உப்பிவிடும்.
அரைமணி உட்கார்ந்திருந்து
மறுபடி பார்க்க வேண்டும்.

பெங்களூர் போய் அலுமினியம் பூசிக்கொண்டு
முறுக்கு டின்னுக்குள் படுத்து
பார்சலில் திரும்பி வந்தது.

கதவு செய்கிற ராயப்பனிடம் படத்தைக் கொடுத்தேன்.
"எந்தப் பக்கம் பார்க்கும்?"
எல்லாப் பக்கமும்.
"கீல் எங்கே?"
கீல் கிடையாது.
படத்தைத் திருப்பிப் பிடித்தார்.
கீல் இல்லாமல் திறக்கிற எதையும்
அவர் அதுவரை செய்ததில்லை.

மூடிப்போன ஓட்டலின் வட்ட மேசை ஒன்று
காரைக்குடிப் பழைய சாமான் கடையில் எண்ணூறு ரூபாய்.
குறுக்கே அறுத்தோம்; இரண்டு அரை வட்டம்,
குழாய் ஏறி இறங்க இரண்டு காது.
சாம்பார்க் கறை வலது காதில் இருக்கிறது.
அடியில் வழுக்குவதற்கு டெஃப்லான்:
நீராவிக் குழாயின் கேஸ்கட்டில் மிஞ்சியது,
பாய்லர் சேவுகன் முதுகைத் திருப்பிக்கொண்டு
பீடி பற்றவைத்த நேரத்தில் வெட்டியது.

விரல் வைத்தால் நகரணும், விட்டால் நிற்கணும்
என்று மட்டும் சொல்லியிருந்தேன்.
இழைத்தார், பார்த்தார், மறுபடி இழைத்தார்.

பெட்டி முப்பத்தொரு அங்குலம்.
என் வீட்டு நிலை இருபத்தொன்பது.
இதை நான் அளக்கவில்லை.
வந்த மினி வேனிலேயே ஆலைக்குத் திரும்பி
தவிட்டு மூட்டைகளுக்குப் பக்கத்தில் இறக்கினோம்.
போகிற வழியில் மேடையில் ஏற்றினால் அறுபது.
சேவுகன் ஒரு காலை ஊன்றி எழுபதாக்கினான்.
ரசீது அடித்தேன்.
வண்டி எண்: இல்லை. சரக்கு: தொலைநோக்கி.

சித்திரை அமாவாசை.
காய்ந்த நெல்லை வாரிவிட்ட களத்தில்
ஒன்பது மணிக்கு நிறுத்தினோம்.
ஒவ்வொரு நட்சத்திரமும் வாணலியில் கடுகு.
பகலெல்லாம் குடித்த வெயிலை
சிமெண்டுத் தரை கக்கிக்கொண்டிருந்தது.
ஆறட்டும் என்று சேவுகன் ஹோஸைத் திருப்பினான்.
ஆவி கிளம்பிக் கண்ணாடிக்கு வியர்த்ததுதான் மிச்சம்.
மின்விசிறியை வைத்துவிட்டு உட்கார்ந்தோம்.
ராயப்பன் காலிச் சாக்கில் தூங்கிப்போனார்.
நான் அடிக்கடி செருப்பைக் கழற்றி
தரையை மிதித்துப் பார்த்தேன்.

ஒரு மணிக்குத் தரை குளிர்ந்திருந்தது.
தெற்கே, புகைபோக்கிக்கு இடப்பக்கம்,
வெறும் கண்ணுக்குப் பஞ்சுத் திரி போலிருந்த இடம்
வட்டத்துக்குள் வந்து உதிர்ந்தது.
ஓமேகா செண்டாரி.
நொய்.
நடுவில் குவிந்து, ஓரத்தில் சிதறி,
ஒன்றின் மேல் ஒன்று ஒட்டாத நொய்.
எனக்குப் பேச்சு வரவில்லை.
சேவுகன் குனிந்தான், வெகுநேரம் நிமிரவில்லை.
"எத்தனை மூட்டை தேறும்?" என்றான்.

எழுப்பினதும் ராயப்பன் வந்தார்.
கண்ணை வைக்கும் இடத்துக்கே போகவில்லை.
குழாயை ஒரு விரலால் தள்ளினார். நகர்ந்தது.
விட்டார். நின்றது.
மறுபடி தள்ளினார்.

இரண்டு மணிக்கு மேல்தான்
அந்த இடம் திரும்பக் கிடைத்தது.
நாலரைக்கு நெல் கொட்ட ஆள் வந்துவிடும்.